பௌர்ணமியை மறந்த செயலாளர்

திருவண்ணாமலையில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே வேலை பார்க்கும் ஒருவன் சித்திரைப் பௌர்ணமி என்றைக்கு என்பதை மறந்துவிட்டான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என் மனைவியும் நம்பவில்லை. ஆனால் நாட்குறிப்பில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: ‘ஞாயிறு, மாலை 4.00. ஆரணி அணியுடன் ஆட்டம். நம் மைதானம்.’ அதன் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. சிவப்புக் கோடு என்றால் எல்லாவற்றையும் சரிபார்த்தாகிவிட்டது என்று பொருள்.

எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் இருந்தேன். இங்கிலாந்தில் அன்றைக்கு என்ன நடக்கிறது என்பது வரைக்கும்.

நான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் நில அளவை வரைபடம் வரைபவன். அலுவலகம் போக மிச்ச நேரத்தில் ஒன்பது வருடமாக எங்கள் பகுதிக் கால்பந்து அணியின் செயலாளர். பந்துக்குக் காற்றடிப்பது, மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது, பதினோரு பேரைச் சேர்ப்பது, ஆட்டம் முடிந்ததும் நோட்டில் எழுதுவது என்று நான்கு வேலை. கோடு போடுவது எனக்குப் பிடித்த வேலை. டேப் பிடித்து, முளை அடித்து, மூலைக்கு மூலை சரிபார்த்துத்தான் போடுவேன். நோட்டு எழுதுவதும் பிடித்த வேலைதான். யாருடன், எத்தனைக்கு எத்தனை, கோல் போட்டது யார், எத்தனையாவது நிமிடம், வெயிலா மழையா எல்லாம் இருக்கும். ஒன்பது வருடத்துக்கு ஒன்பது நோட்டு. யாரும் இதுவரை கேட்டதில்லை.

பதினோரு பேரைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு.

பையன்கள் கால்பந்து பிடிக்காமல் வராமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. கால்பந்துப் பைத்தியமாக இருப்பதால்தான் வருவதில்லை. எங்கள் அணியில் பாதிப் பேர் இங்கிலாந்தின் சிவப்பு அணிக்கு ரசிகர்கள், மீதிப் பேர் நீல அணிக்கு. பயிற்சிக்கே சிவப்பும் நீலமுமாகத்தான் வருவார்கள். ஒரு திங்கட்கிழமை எங்கள் சென்டர் ஃபார்வர்டு வாயெல்லாம் பல்லாக வந்தான். கல்லூரி இறுதியாண்டு படிப்பவன். சிவப்புச் சட்டையைத் துவைக்க மட்டும்தான் கழற்றுவான் என்று நினைக்கிறேன்.

“சார், நேத்து நாம ஜெயிச்சிட்டோம் சார். மூணு ஒண்ணு!”

“நேத்து நமக்கு ஆட்டமே இல்லையேப்பா,” என்றேன்.

அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான். “உங்க டீம சொல்லல சார். நம்ம டீமு.”

வீட்டிலும் இதே கதைதான். என் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம், நீல அணி. அந்த அணிக் கோல்கீப்பருக்கு எந்த முழங்காலில் எந்த வயதில் அடிபட்டது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். எங்கள் கோல்கீப்பர் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். அவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது, அவருடைய ஸ்கூட்டர் சத்தம் ஜாஸ்தி என்பது மட்டும்தான். மூன்று வருடங்களுக்கு முன் ஒரே ஒரு தடவை எங்கள் ஆட்டத்துக்கு வந்தாள். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.

“யாரு யாருன்னே தெரியல, அப்பா. ரீப்ளே இல்ல, கமென்ட்ரி இல்ல. எல்லாரும் ஒரே மாதிரி ஓடுறாங்க.”

“பேரு நோட்டுல இருக்கேம்மா.”

“நோட்டப் பாத்துக்கிட்டு யாராவது மேட்ச் பாப்பாங்களா?”

இந்த வருடம் பங்குனியில் ஒரு சனிக்கிழமை, செய்யாறு அணியுடன் ஆட்டம். எங்கள் பக்கம் வந்தவர்கள் ஆறு பேர். குறைந்தது ஏழு பேர் இருந்தால்தான் ஆட்டம் தொடங்க முடியும். நடுவர் விதிப்படி பதினைந்து நிமிடம் காத்திருந்தார். பிறகு விசில் ஊதி, ஆடாமலேயே எதிரணிக்கு வெற்றி என்று எழுதிவிட்டார். வாக்கோவர். ஒரு பருவத்தில் இரண்டு வாக்கோவர் கொடுத்தால் அந்த அணியை லீகிலிருந்து எடுத்துவிடுவார்கள். எங்களுக்கு ஒன்று முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை சென்டர் ஃபார்வர்டைப் பிடித்தேன்.

“எங்கப்பா போனே?”

“சார், டைட்டில் ரேஸ் சார். அஞ்சு மணிக்கு மேட்ச். இன்னும் நாலுதான் பாக்கி. உங்களுக்குச் சொன்னா புரியாது சார்.”

“நமக்கும் நாலு மேட்ச்தான் பாக்கி.”

“நம்மளுத யாரு சார் பாக்குறாங்க?”

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டான். எங்கள் ஆட்டங்களுக்கு வழக்கமாக வருகிறவர்கள் சுண்டல்காரர், இரண்டு நாய்கள், பந்து வெளியே போனால் எடுத்துத் தரும் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். சுண்டல்காரரும் இடைவேளையோடு போய்விடுவார்.

திட்டிப் பயனில்லை என்று தெரிந்ததும் என் வழியில் இறங்கினேன். மகளை உட்காரவைத்து, பருவம் முடியும் வரை சிவப்பு, நீலம் இரண்டு அணிகளும் என்றைக்கு, எத்தனை மணிக்கு ஆடுகின்றன என்று கேட்டு வாங்கினேன். அவர்கள் நேரத்தோடு நாலரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். ஒரு தாளில் கட்டம் கட்டி, சிவப்புப் பேனா, நீலப் பேனா வைத்து நிரப்பினேன். மகளுக்கு ஒரே சந்தோஷம். “அப்பா, நீங்க இவ்ளோ நாள் எங்க இருந்தீங்க?” என்றாள்.

ஆரணியுடன் எங்கள் ஆட்டம் சனிக்கிழமை நாலரைக்கு என்று இருந்தது. சிவப்பு அணி அதே நாள் ஐந்து மணிக்கு ஆடுகிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு அணிகளுக்குமே ஆட்டம் இல்லை. கட்டம் வெள்ளையாக இருந்தது. மாவட்டச் சங்கத்துக்குக் கடிதம் எழுதி ஆட்டத்தை ஞாயிறுக்கு மாற்றினேன். ஓர் ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் தேதி மாற்றலாம் என்று சொல்லி ஒப்புக்கொண்டார்கள். பையன்களுடைய வாட்ஸப் குழுவில் போட்டேன். பதினாறு பேரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். சென்டர் ஃபார்வர்டு ‘சார் வேற லெவல்’ என்று எழுதினான். சிவப்புக் கோடு போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பும்போது மனைவி சொன்னாள்: “சாயந்திரம் வரும்போதே மளிகை வாங்கிட்டு வந்துடுங்க. ஞாயித்துக்கிழமை ரோட்ல வண்டி விட மாட்டாங்க.”

“ஏன்?”

“ஏன்னா? சித்ரா பௌர்ணமிங்க!”

தினசரிக் காலண்டரைப் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் அந்த வெள்ளை வட்டம் பளிச்சென்று இருந்தது. என் கட்டத்தில் வெள்ளையாக இருந்ததும் அதே நாள்தான்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி சொல்ல வேண்டும். சித்திரைப் பௌர்ணமியன்று மலையைச் சுற்றிக் கிரிவலம் வருகிறவர்களால் எங்கள் ஊரில் தெருவெல்லாம் தலையாக இருக்கும். ஊருக்கு வெளியே இருக்கும் காலி இடமெல்லாம் தற்காலிகப் பேருந்து நிலையம் ஆகிவிடும். எங்கள் மைதானமும் அப்படித்தான். என் சென்டர் சர்க்கிளில் விழுப்புரம் பஸ் நிற்கும்.

“ஊரே மலையச் சுத்துது, நீங்க பந்தச் சுத்துறீங்க,” என்றாள் மனைவி. “லண்டன்ல என்னிக்கி ஆட்டம்னு தெரியுது. இங்க என்னிக்கி பௌர்ணமின்னு தெரியல!”

குழுவில் போட்டேன். உடனே ஒருவன் ‘ஐயோ’ என்று எழுதினான். பதினாறு பேரும் இந்த ஊர்ப் பையன்கள். அவர்களும் என்னைப் போலவே, அன்றைக்குச் சிவப்பும் நீலமும் ஆடவில்லை என்பதை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஆரணிச் செயலாளருக்கு போன் செய்தேன். “இன்னா சார் இது? உங்க ஊரு, நீங்களே கேட்ட தேதி, தெரியாமயா கேட்டிருப்பீங்கன்னு விட்டுட்டேன்,” என்றார். “எங்க பசங்க வீட்ல எல்லாரும் கிரிவலத்துக்குக் கிளம்பிட்டாங்க. மேட்ச்சும் ஆச்சு, கிரிவலமும் ஆச்சுன்னு. நாப்பது பேரு வர்றோம். கிரவுண்டு எங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

தேதியை இனி மாற்ற முடியாது. மைதானம் இல்லாவிட்டால் அது எங்கள் குற்றம், இரண்டாவது வாக்கோவர். ஒன்பது வருட அணி என் கட்டத்தால் போகப் போகிறது என்று அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு எங்கள் ஸ்டாப்பர் கூப்பிட்டார். டிராக்டர் மெக்கானிக், வயது முப்பது. ஏழு வருடமாக எங்கள் பின்வரிசையில் நடு இடத்தை விட்டு நகராதவர்.

“சார், எங்க நிலத்துல போன வாரம்தான் மல்லாட்ட புடுங்குனோம். சும்மாதான் கெடக்குது. அடி அண்ணாமலை, கிரிவலப் பாதை ஓரமா. பத்துமா பாருங்க.”

கடலை பிடுங்கிய அந்த நிலத்தின் சர்வே எண்ணைக் கேட்டு உடனே பரப்பைப் பார்த்தேன். ஏக்கர் ஒன்று, சென்ட் எழுபத்திரண்டு. பத்தும்.

சங்கத்துக்கும் ஆரணிக்கும் குழுவுக்கும் புது இடத்தைச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை பிற்பகல் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஸ்டாப்பர் டிராக்டரில் பரம்புப் பலகை கட்டி இரண்டு ஓட்டு ஓட்டியிருந்தார். கட்டிகள் ஓரளவு உடைந்து, தரை தோசைக்கல் மாதிரி இல்லாவிட்டாலும் ஊத்தப்பம் மாதிரி இருந்தது. அவருடைய அப்பா வரப்பில் நின்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“அந்தப் பக்கம் கத்திரித் தோட்டம். எவனாவது கால வச்சான், பந்து திரும்பி வராது.”

நானும் ஸ்டாப்பரும் டேப் பிடித்தோம். சுண்ணாம்புத் தூள் மூட்டை மைதானத்து அறைக்குள் இருந்தது. அங்கே போலீஸ் தடுப்புக் கட்டிவிட்டார்கள். கடைத்தெருவிலிருந்து கோலமாவு வாங்கிக்கொண்டு என் மனைவியும் மகளும் பஸ்ஸில் வந்தார்கள். மனைவி என் கையைத் தட்டிவிட்டு, தானே கோடு இழுத்தாள். நான் போட்டதைவிட மெல்லிசாக, சீராக இருந்தது. கோல் கம்பங்களுக்குப் பந்தல்காரரிடமிருந்து சவுக்குக் கம்பு வந்தது. ஐந்தேகாலுக்கு ஸ்டாப்பர் போனை எடுத்துப் பார்த்தார்.

“சிவப்பு ஒண்ணு வாங்கிடுச்சு சார்.”

ஆறரைக்கு மறுபடி பார்த்தார். “மூணு.”

என் மகளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குச் சென்டர் ஃபார்வர்டு நினைவு வந்தது. டைட்டில் போனவன் நாளைக்கு எழுந்து வருவானா?

ஞாயிறு மாலை நான்கு மணி. ஆரணி அணி பதினோரு பேரும் அவர்கள் பின்னால் அம்மாக்கள், சித்திகள், ஒரு கைக்குழந்தை எல்லாருமாக வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். வழிநெடுக நடந்த அலுப்பே இல்லை. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் பக்கம் எண்ணினேன். திரும்ப எண்ணினேன். ஆறு பேர். எல்லாரும் அடி அண்ணாமலைப் பக்கத்து ஆட்கள். ஊருக்குள்ளிருந்து வர வேண்டியவர்கள் ஒருவரும் இல்லை. போன் போகவில்லை, அவ்வளவு கூட்டத்தில் டவர் திணறியது.

நாலு ஐந்து. நாலு எட்டு. நடுவர் நல்லவர், விசிலைக் கையில் எடுக்காமல் பையிலேயே வைத்திருந்தார். ஆனால் பேனாவை எடுத்துவிட்டார்.

நாலு பன்னிரண்டுக்குப் பாதையில் போகும் கூட்டத்துக்குள் ஒரு சிவப்புச் சட்டை தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் இரண்டு நீலம், ஒரு மஞ்சள். பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, ஐந்து பேர்.

“எங்கப்பா இவ்ளோ நேரம்?” என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

“ரெண்டு மணிக்கே கிளம்பிட்டோம் சார்,” என்றான் சென்டர் ஃபார்வர்டு மூச்சு வாங்க. “எட்டு கிலோமீட்டர் நடை.”

“இந்தப் பக்கமா வந்திருந்தா கம்மிதானே?”

“எதிர்ப் பக்கமா எப்டி சார் வர்றது? பௌர்ணமி அன்னிக்கி மலைய எடமா சுத்துனா எங்கம்மா வீட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க.”

நடுவர் தலையாட்டினார். “கரெக்டுதான்,” என்று சொல்லிப் பேனாவை மூடினார்.

சிவப்பு அணித் துக்கம் அவன் முகத்தில் அப்படியே இருந்தது. முதல் இருபது நிமிடம் பந்து காலில் பட்டால்கூடத் தெரியாதவன் போல நின்றான். ஆரணி ஒரு கோல் போட்டது. அவர்களுடைய அம்மாக்கள் கைதட்டிய சத்தத்தில் பாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நின்றவர்களைப் பார்த்து இன்னும் நாலு பேர் நின்றார்கள். எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு அது போதும். கொஞ்ச நேரத்தில் வரப்பு நிறைந்துவிட்டது.

என் மகள் பக்கத்தில் ஒரு அம்மா வந்து நின்றார். கள்ளக்குறிச்சிப் பக்கம் போல.

“இதுல எது கண்ணு நம்ம பக்கம்?”

“வேற வேற கலர்ல போட்டிருக்காங்கல்ல, அதுங்க,” என்றாள் மகள்.

“அந்த ஒசரமானவரு யாரு? நின்ன எடத்துலயே நிக்கிறாரு?”

நிலத்துக்காரர் என்பதற்கு மேல் மகளுக்குத் தெரியவில்லை. என் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கினாள். பழையதையும் கேட்டாள், பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஆதாரத்துக்கு எப்போதும் மூன்று வருட நோட்டு கையில் வைத்திருப்பேன். புரட்டிப் புரட்டி அந்த அம்மாவுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். சுற்றி இருந்தவர்களும் காதைக் கொடுத்தார்கள். பாதையோரத்தில் நீர்மோர்ப் பந்தல் வைத்திருந்தவர் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கை நீட்டினார். “சொல்றத இதுல சொல்லும்மா. பின்னாடி இருக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்.”

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு எத்தனையோ சனிக்கிழமை டிவி கமென்ட்ரியில் கேட்டுக் கேட்டுப் பழகிய அந்த வேகம் அவள் குரலில் வந்தது. தமிழில், எங்கள் ஊர்த் தமிழில்.

“பந்து இப்ப நம்ம ஸ்டாப்பர்கிட்ட. இந்த நிலமே இவரோடதுதாங்க. மல்லாட்ட புடுங்கிட்டு நமக்குக் குடுத்திருக்காரு. நோட்டுல இருக்கிற வரைக்கும் பாத்துட்டேன், அண்ணன் ஒரு கோல்கூடப் போட்டதில்ல!”

வரப்பு முழுக்கச் சிரிப்பு. ஸ்டாப்பருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏழு வருடத்தில் முதல் தடவையாக நடுக்கோட்டைத் தாண்டி ஓடினார். நாற்பது கெஜத்திலிருந்து உதைத்தார். பந்து கம்பத்துக்கு மேலே, வேலிக்கு மேலே போய்க் கத்திரித் தோட்டத்தில் விழுந்தது.

“டேய்!” என்று அவருடைய அப்பா கத்தியது மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

மாற்றுப் பந்து எடுத்து ஆடினோம். இடைவேளையில் சென்டர் ஃபார்வர்டு மோர் குடித்துக்கொண்டே என் மகளிடம் வந்து, கொஞ்சம் தயங்கி, “என்னைப் பத்தி எதுவும் இல்லியா?” என்று கேட்டான்.

“இருக்கு. ரெண்டு வருஷத்துல பதினாலு கோல். ஒம்பது எடது கால்ல. மழையில ஆடுன எல்லா மேட்ச்லயும் போட்டிருக்க.”

“நெஜமாவா?” அவன் என் பக்கம் திரும்பினான். “சார், இதெல்லாம் எழுதி வச்சிருக்கீங்களா?”

“வெயிலா மழையா எல்லாம் இருக்கு,” என்றேன்.

அறுபத்தேழாவது நிமிடம் ஆரணியின் இரண்டு பேரைத் தாண்டி, உழவுக் கட்டி ஒன்றில் தடுக்கி, விழாமல் நிமிர்ந்து, இடது காலால் அடித்தான். கோலமாவுக் கோட்டைத் தாண்டியது பந்து. மைக்கில் என் மகள் ‘கோல்’ என்ற சொல்லை எவ்வளவு நீளமாக இழுத்தாள் என்பதை அளக்க என்னிடம் டேப் இல்லை. கள்ளக்குறிச்சி அம்மா பக்கத்திலிருந்த ஆரணி அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் மகன்தான் தாண்டப்பட்டவர்களில் ஒருவன்; அது இவருக்குத் தெரியாது.

எண்பத்தொன்றில் ஆரணி இன்னொன்று போட்டு இரண்டுக்கு ஒன்று ஜெயித்தது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நடுவர் படிவத்தில் ‘ஆட்டம் நடைபெற்றது’ என்று எழுதி என் பக்கம் நீட்டினார். அந்த இரண்டு சொற்களையும் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். நிலா எழும்ப ஆரம்பித்திருந்தது. ஆரணிக்காரர்கள் மிச்சக் கிரிவலத்தை முடிக்கக் கிளம்பினார்கள். எங்கள் பையன்களும் கூடவே நடந்தார்கள். திரும்பிப் போக வேறு வழி இல்லையே.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தால், அன்றையப் பக்கம் என் மகளின் கையெழுத்தில் இருந்தது. கோல் கட்டத்தில் நிமிடமும் பெயரும் எந்தக் கால் என்பதும் எழுத மட்டும்தான் இடம் விட்டிருப்பேன். அவள் கட்டத்தை விட்டு வெளியே வந்து, ஓரத்தில் ஏறி, அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தாள். கட்டி தடுக்கியது, நிமிர்ந்தது, கள்ளக்குறிச்சி அம்மா எல்லாம் இருந்தது. அழித்துவிட்டுச் சுருக்கமாக எழுதலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். எழுதவில்லை. கீழே ‘வெயில். பின்னர் நிலா’ என்று மட்டும் சேர்த்தேன்.

மறுநாள் சென்டர் ஃபார்வர்டு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். சாயங்காலம் பார்த்தால் அவன் வாட்ஸப் படத்தில் சிவப்பு அணிச் சின்னம் அப்படியேதான் இருந்தது. ஸ்டேட்டஸில் மட்டும் என் நோட்டு.

வியாழக்கிழமை சங்கத்திலிருந்து அடுத்த ஆட்டத்தின் தேதி வந்தது. போளூர் அணியுடன், சனிக்கிழமை நாலரைக்கு. என் கட்டத்தைப் பார்த்தேன். அன்று ஐந்து மணிக்குச் சிவப்பும் நீலமும் மோதுகின்றன. வருடத்துக்கு இரண்டே தடவை வரும் ஆட்டம். தேதி மாற்றக் கேட்கலாம் என்று பேனாவை எடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று முதலில் குழுவில் போட்டுப் பார்த்தேன்.

அரைமணி நேரம் கழித்துச் சென்டர் ஃபார்வர்டு எழுதினான்: ‘கமென்ட்ரி உண்டா சார்?’

போனை மகளிடம் காட்டினேன். படித்தாள். சுவரில் ஒட்டியிருந்த நீல அணி அட்டவணையைப் பார்த்தாள். அவளுக்கும் அது வருடத்துக்கு இரண்டே தடவை வரும் ஆட்டம்தான்.

“அத அப்புறமா ஹைலைட்ஸ்ல பாத்துக்கலாம், அப்பா,” என்றாள். “ஸ்டாப்பர் அண்ணன் என்னிக்காவது ஒண்ணு போடுவாரு. நான் இல்லாத அன்னிக்கி போட்டுட்டாருன்னா? அதுக்கு ரீப்ளே எங்க இருக்கு?”

குழுவில் ‘உண்டு’ என்று எழுதினேன். ஒவ்வொன்றாகக் கட்டைவிரல்கள் வந்தன. பதினொன்று வந்ததும் நாட்குறிப்பை எடுத்தேன். ‘சனி, மாலை 4.30. போளூர் அணியுடன் ஆட்டம். நம் மைதானம்’ என்று எழுதிவிட்டு, கோடு போடுவதற்கு முன் எழுந்து போய்த் தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். தேய்பிறை. மனைவியிடமும் ஒரு தடவை கேட்டுக்கொண்டு, சிவப்புக் கோடு போட்டேன்.